மஞ்சள் விளக்கைக் கண்டு மலைக்காதீர்!



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரை பங்களா வாசலில் நிற்பது. நமக்கு லோரியும், கறிகாய் ஏற்றும் பழைய லேண்ட் ரோவரும்தான். இன்று காலம் மாறிவிட்டது. கம்போங் ராஜாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் பாதையில் லயத்து வாசல்களில் கார்கள் நிற்கின்றன. பிள்ளையைப் பள்ளியில் விட, தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக, ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு இறங்க, எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. பலர் அதை 9 ஆண்டுத் தவணையில் வாங்கியிருக்கிறோம். அப்படிப்பட்ட காரில் ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும்.

இந்த மாதம் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம். என் தங்கை வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

மலைப்பாதையில் ஓர் மாலை

என் தங்கை மாப்பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தங்கை முன்பு கொழுந்து பறித்தவள்; இப்போது பூந்தோட்டத்தில் பூக்கட்டு வேலை. இருவர் சம்பளத்தையும் சேர்த்து உள்ளூர்த் தயாரிப்பான ஒரு சிறிய காரைப் புதிதாக வாங்கினார்கள். சம்பவம் நடந்தபோது காருக்கு மூன்றரை வயது. ஓடியது 88,000 கிலோமீட்டர்.

எங்கள் அம்மாவின் கண்ணைக் காட்டுவதற்காக ஈப்போவுக்கு இறங்கிவிட்டு, சிம்பாங் பூலாய் பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி மலையில் கார் உதறத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னியது. மாப்பிள்ளை, "இன்னும் கொஞ்ச தூரந்தானே, மெதுவா ஏத்திடலாம்" என்றாராம். தங்கை விடவில்லை. "அம்மா உள்ளே இருக்காங்க. நிறுத்துங்க காடியை" என்று ஓரங்கட்ட வைத்துவிட்டாள். அன்று அவள் செய்தது எவ்வளவு சரி என்பது பிறகுதான் எங்களுக்கே புரிந்தது.

மறுநாள் ஒரு பட்டறைக்காரர் வந்து சிறிய கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தார். இரண்டு எண்கள் வந்தன: பி0301, பி0420. அவர் இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்தார். "கேட்டலிஸ்ட் போச்சு. புதுசு போட்டா 2,400 வெள்ளி. வேணாம்னா 300 வெள்ளி கொடுங்க, உள்ளே இருக்கிறதைக் குடைஞ்சு எடுத்துடறேன், விளக்கையும் அழிச்சிடறேன்" என்றார்.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அவர் கேட்டது ஒருவரின் ஒன்றரை மாத உழைப்பு. மாப்பிள்ளை 300 வெள்ளிக்குத் தலையாட்ட இருந்தார். நல்லவேளை, மருமகள் பெண் படிக்கிறவள். கருவியில் தெரிந்த எண்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டு, "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்குவோம் அப்பா" என்றாள். அன்றிரவு எனக்குத் தொலைபேசி வந்தது.

எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

வாசகர்களே, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? இன்றைய காரில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறிய கணினி இருக்கிறது. காற்று எவ்வளவு போகிறது, பெட்ரோல் எவ்வளவு போகிறது, புகையில் என்ன மிச்சமிருக்கிறது என்று ஓடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு தவறினால் ஓர் எண்ணைப் பதிந்துவிட்டு, மஞ்சள் விளக்கை ஏற்றும். புகையால் மூச்சுத் திணறிய கலிபோர்னியா மாநிலத்தில்தான் இந்த ஏற்பாடு முதலில் கட்டாயமானது. 1996 முதல் அமெரிக்காவின் புதிய கார்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரி எண்கள் என்று ஆனது. பிறகு ஐரோப்பாவும் மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. பழைய லேண்ட் ரோவரிலும் கார்புரேட்டர் வைத்த வண்டிகளிலும் இது கிடையாது. இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் தேடினால் 16 ஊசி கொண்ட ஒரு செருகி தென்படும். கருவியைச் செருகுவது அதில்தான்.

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னார் இன்று வேலைக்கு வரவில்லை என்று அதில் குறித்திருக்கும். ஏன் வரவில்லை, காய்ச்சலா, கல்யாணமா, மகன் பள்ளிக்கூட வேலையா என்று எழுதியிருக்காது. காரின் எண்ணும் அப்படித்தான். எந்த இடத்தில் கணக்கு தவறியது என்று சொல்லும். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எண்ணைப் பார்த்தவுடன் சாமான் பெயரைச் சொல்கிறவர் காரணத்தைத் தேடவில்லை என்று பொருள்.

பி என்பது எஞ்சின், கியர் பகுதி. அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 வந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த எண். மூன்றாவது இலக்கம் பிரிவைக் காட்டும். 1 அல்லது 2 என்றால் காற்று, பெட்ரோல். 3 என்றால் தீப்பொறி. 4 என்றால் புகைக் கட்டுப்பாடு.

இப்போது தங்கை வீட்டு எண்களைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எதை?

இரண்டு தராசுகள்

கேட்டலிஸ்ட் என்பது புகைக்குழாயில் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். நல்ல சூடேறியதும், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் கெடுதல் குறைந்தவையாக அது மாற்றிவிடும். அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று.

மாப்பிள்ளைக்கு நான் விளக்கியது இப்படித்தான்: "உங்க தொழிற்சாலையிலே பச்சைக் கொழுந்து உள்ளே போறப்ப ஒரு தராசு, தூள் வெளியே வர்றப்ப ஒரு தராசு. ரெண்டும் ஒரே எடையைக் காட்டினா என்ன அர்த்தம்?" அவர் உடனே, "உள்ளே ஒரு வேலையும் நடக்கலேன்னு அர்த்தம்" என்றார். அதேதான். முன் சென்சாரும் பின் சென்சாரும் ஒரே மாதிரி ஆடினால் கேட்டலிஸ்ட் வேலை செய்யவில்லை என்று கணினி முடிவு கட்டும். ஆனால் தராசில் கோளாறு இருந்தாலும் இதே கணக்குத்தான் வரும். புகைக்குழாய் இணைப்பில் ஓட்டை இருந்தாலும் வரும். எஞ்சினிலிருந்து எரியாத பெட்ரோல் வந்து கொண்டிருந்தாலும் வரலாம்.

தங்கை வீட்டில் ஒரு வாரமாகவே காலையில் கார் உதறிக்கொண்டுதான் கிளம்பியதாம். குளிர் என்று விட்டுவிட்டார்கள். எரியாத பெட்ரோல் சூடான கேட்டலிஸ்டுக்குள் போய் அங்கே எரியும். நீண்ட நேரம் அப்படி நடந்தால் பீங்கான் உருகிக்கூடப் போகும். விளக்கு மின்னுவதற்குப் பொருள் இதுதான். விளக்கு நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் பட்டறைக்குப் போங்கள். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, ஆபத்தில்லாத இடத்தில் நிறுத்துங்கள். மலையேற்றத்தில் எஞ்சினை வருத்தாதீர்கள். என் தங்கை "நிறுத்துங்க" என்று சொன்ன ஒரு வார்த்தை 2,400 வெள்ளியைக் காப்பாற்றியது.

"மேலே காற்று மெலிசு, அதனாலேதான் விளக்கு எரியுது" என்று சிலர் சொல்வதுண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவது உண்மைதான். கார்புரேட்டர் காலத்தில் அதற்காகத் திருகாணியைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. இன்றைய கணினி காற்றை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே மலைமேல் பழியைப் போட்டு எண்ணை அழிக்கச் சொல்லாதீர்கள்.

குடைந்து எடுத்தால் என்ன?

300 வெள்ளி யோசனை மலிவாகத் தெரியும். ஆனால் யோசியுங்கள். கேட்டலிஸ்டைக் குடைந்து எடுத்துவிட்டால் நச்சுப் புகை அப்படியே வெளியேறும். லயத்தில் ஒரு வீட்டு ஜன்னலுக்கும் அடுத்த வீட்டுக் காருக்கும் எத்தனை அடி தூரம்? காலைக் குளிரில் எஞ்சினைச் சூடேற்றும்போது அந்தப் புகையைக் குடிப்பது நம் குழந்தைகளும் வயதானவர்களும்தான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பெட்ரோல் வண்டிகளின் புகைக்கு நம் நாட்டில் 1996ஆம் ஆண்டிலிருந்தே கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. அதோடு, குடைந்த வண்டிக்கு வாரண்டி கேட்டுப் போனால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிஸ்கட் டின்னில் இருந்த பணம்

நான் கேட்ட முதல் கேள்வி, "வாரண்டிப் புத்தகம் எங்கே?" என்பதுதான். பிறப்புப் பத்திரம், சேமநிதித் தாள், தவணைச் சீட்டு எல்லாம் போட்டு வைத்த பிஸ்கட் டின்னின் அடியில் கிடந்தது. 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை என்று அதில் அச்சிட்டிருந்தது. நம் நாட்டுப் புதிய கார்களில் பரவலாகக் காணும் அளவு இதுதான். மூன்றரை ஆண்டு, 88,000 கிலோமீட்டர். இரண்டு கணக்கிலும் கார் உள்ளேதான் இருந்தது! தவணை 9 ஆண்டு ஓடும். வாரண்டி 5 ஆண்டில் முடியும். உயிரோடு இருக்கும்போதே அதைப் பயன்படுத்தாவிட்டால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான்.

காரைச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார். "70,000 கிலோமீட்டர் சர்வீஸ் முத்திரை இல்லை. வாரண்டி கிடையாது" என்று சொல்லி மூடிவிட்டார். அந்தச் சர்வீஸை மாப்பிள்ளை அவசரத்துக்கு வெளிப் பட்டறையில் செய்திருந்தார்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். தங்கை எழவில்லை. "ஐயா, அப்படின்னு இந்தப் புத்தகத்திலே எந்த வரியிலே இருக்குன்னு காட்டுங்க. கிடையாதுங்கறதையும் எழுதிக் கொடுங்க" என்று அமைதியாகக் கேட்டாள். கூடவே வெளிப் பட்டறை ரசீதை எடுத்து வைத்தாள். அதில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் தரம் எல்லாம் இருந்தன. அவர் உள்ளே போனார். மேலாளர் வந்தார். ரசீதைப் பார்த்தார், படத்திலிருந்த எண்களைப் பார்த்தார், காரைப் பரிசோதிக்கச் சொன்னார்.

முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயில் பழுது. அதை இலவசமாக மாற்றினார்கள். ஸ்பார்க் பிளக் தேய்மானச் சாமான் என்பதால் அதற்கு மட்டும் கைக்காசு கொடுத்தார்கள். கேட்டலிஸ்டை உடனே மாற்ற வேண்டாம், ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பல வாரம் ஆகியும் பி0420 திரும்பி வரவில்லை. 2,400 வெள்ளிச் சாமான் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மேலாளர் ரசீதை ஏற்றுக்கொண்டார். வேறு இடத்தில் ஏற்காமலும் போகலாம். அங்கீகரித்த நிலையத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் அதன்படி நடப்பதே நல்லது. ஈப்போவுக்கு இறங்கும் வேறு வேலையோடு சேர்த்துத் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியில் பார்த்ததை நம்பிப் போகாதீர்

"கேட்டலிஸ்டுக்கு 8 ஆண்டு வாரண்டி சட்டப்படி உண்டு" என்று படக்காட்சியில் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். அங்கே கேட்டலிஸ்டுக்கும் எஞ்சின் கணினிக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல், அதாவது ஏறக்குறைய 128,000 கிலோமீட்டர் வரை கம்பெனி பொறுப்பு. நாம் பார்க்க வேண்டியது நம் கையிலுள்ள புத்தகத்தை. எல்லாச் சாமானுக்கும் ஒரே காலம் என்று எண்ணாதீர்கள். சிலவற்றுக்குக் குறைவாகப் போட்டிருப்பார்கள். வண்டியை வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ ஓட்டினால் காலம் குறையலாம். எலி கடித்த வயர், வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின் போன்றவை வாரண்டிக்குள் வராது. நம் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லை. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

நியாயம் கிடைக்காவிட்டால் கதவு அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கார்களுக்கும் பொருந்தும். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். இரு தரப்புக்கும் அங்கே வக்கீல் வாதாட முடியாது, நாமே பேசலாம். ரசீதும், எண்களின் படமும், "கிடையாது" என்று எழுதி வாங்கிய தாளும்தான் அங்கே நம் வக்கீல்.

விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சுகமா?

அப்படியும் சொல்ல முடியாது. 2015 செப்டம்பரில் உலகமே பேசிய ஒரு செய்தி நினைவிருக்கலாம். வோக்ஸ்வேகன் கம்பெனி தன் டீசல் கார்களில், பரிசோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாகப் புகைவிடும்படி கணினிக்குச் சூது சொல்லிக் கொடுத்திருந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவர வழி செய்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு ஒன்று. பரிசோதனைக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு வந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் பெயர் அர்விந்த் திருவேங்கடம். நம் பெயர்தான்!

அந்தக் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எனவே விளக்கோடு நம் கண்ணும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். நம் குளிரில் காலையில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி வெறும் நீராவி. கொஞ்ச நேரத்தில் மறையும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுகிறதோ என்று பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோலோ டீசலோ மிஞ்சிப் போகிறது.

பத்திரிகையை மூடுமுன்

இந்த ஆறு வரியை மட்டும் வெட்டி, வாரண்டிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்:

1. விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பட்டறை; மின்னினால் உடனே ஓரங்கட்டுங்கள்.

2. எண்ணை அழிக்கும் முன் படம் பிடியுங்கள். அழித்துவிட்டால் கோளாறு வந்த நேரத்தில் இருந்த வேகம், எஞ்சின் சூடு போன்ற குறிப்புகளும் சேர்ந்து போய்விடும்.

3. சாமான் மாற்றச் சொன்னால், "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள்.

4. பணம் கொடுக்கும் முன் வாரண்டித் தேதியையும் கிலோமீட்டரையும் பாருங்கள்.

5. எண்ணெய் மாற்றிய ரசீதைக்கூட எறியாதீர்கள். தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

6. "கிடையாது" என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

என் தங்கை ஆறாம் வகுப்போடு நின்றவள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சர்வீஸ் நிலையத்தில் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். கொழுந்துக் கூடையைத் தராசில் வைக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று உற்றுப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. சம்பாதித்த காசை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அந்தத் தராசு கற்றுக்கொடுத்திருக்கிறது.

உங்கள் பிஸ்கட் டின்னையும் இன்றிரவே திறந்து பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.